முடிச்சுக்குக் கீழே ஒரு துளிர்

இராஜபாளையம்
19 டிசம்பர் 1936

ரத்தினத்துக்கு, அண்ணன் தேவஇரக்கம் எழுதுவது.

ஏழு மைல் தூரத்துக்குத் தபாலில் பேச வேண்டியிருக்கிற அண்ணன் தங்கை இந்த ஜில்லாவில் நாம் மட்டும்தான் இருப்போம். அப்பாவை அடக்கம் பண்ணின அன்றைக்கே மாப்பிள்ளை தோட்டத்தில் உன் பங்கைக் கேட்டார். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இனி ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றும் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனாலும் கிறிஸ்மஸுக்குத் தங்கச்சிக்கு ஒன்றும் அனுப்பாதவன் என்று சபையில் பேச்சு வரக்கூடாது அல்லவா. அதனால் தோட்டத்தில் என்னோடு வேலை பார்க்கும் கருத்தையாவிடம் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

டின்னில் இருப்பது ஒரே செடி. நம்ப மாட்டாய். இரண்டாகப் பிரிகிற தண்டில் ஒரு கவையில் கத்தரி, மறு கவையில் சீமைத் தக்காளி. இரண்டும் பிஞ்சு பிடித்துவிட்டது. மாமரத்தில் ஒட்டுக் கட்டி இருபது வருஷமாகச் சாப்பிடுகிறேன், காய்கறியில் கட்டினவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். அடியில் ஒரு வேர்ச்செடி, அதன் இரண்டு கவையையும் வெட்டிப் பிளந்து, இதை ஒன்றில் அதை ஒன்றில் சொருகி வாழைநாரால் கட்டினேன். சாயங்காலம் மட்டும் தண்ணீர் ஊற்று.

ஒன்றை மறக்காதே. முடிச்சுக்குக் கீழே துளிர் விட்டால் கண்ணில் பட்டவுடன் கிள்ளி எறிந்துவிடு. வளர விடவே கூடாது.

உன் மதினி அன்னத்தாய் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தேவஇரக்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27 டிசம்பர் 1936

அண்ணனுக்கு,

செடி வாடாமல் வந்து சேர்ந்தது. கருத்தையாவுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். கிணற்றடியில் வைத்திருக்கிறேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பக்கத்து வீட்டு மாரியாத்தாள் கத்தரிக் கொப்பை இழுத்து இழுத்துப் பார்த்தாள், ஊசி நூல் வைத்துத் தைத்திருக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

எனக்கு வேறு சந்தேகம். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். இரண்டு வருஷமாக ஒரு கார்டு இல்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோதும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது திடீரென்று செடி வருகிறது. உங்கள் மாப்பிள்ளை கோர்ட்டில் நகல் எழுதுகிறவர், உங்களுக்குத் தெரியும். "செடி வந்திருக்கில்லா, பின்னாலயே விடுதலைப் பத்திரம் வரும் பாரு. பங்கு வேண்டாம்னு கையெழுத்துப் போடச் சொல்லுவாக" என்கிறார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "ஒரு செடியில ரெண்டு பேருக்கு எடம் குடுக்கத் தெரிஞ்சவுகளுக்கு, ஒரு தோட்டத்துல குடுக்கத் தெரியலையே."

அடியில் இருப்பது என்ன செடி? கருத்தையாவைக் கேட்டேன். "அது மொதலாளிக்குத்தான் தெரியும் தாயி" என்று வெற்றிலையை வாயில் அடைத்துக்கொண்டான். துளிரைக் கிள்ளு என்கிறீர்கள், எதற்கு என்று எழுதவில்லை. காரணம் சொல்லாத வேலையை நான் செய்வதில்லை.

இனிமேல் கார்டில் எழுத வேண்டாம், கவரில் எழுதுங்கள். தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

ஞானரத்தினம்


இராஜபாளையம்
4 ஜனவரி 1937

ரத்தினம்,

விடுதலைப் பத்திரமும் இல்லை, வெங்காயமும் இல்லை. நல்லது செய்தாலும் உங்கள் வீட்டில் அதற்கு வால் எங்கே, கொம்பு எங்கே என்று தேடுகிறீர்கள்.

துளிரைக் கிள்ளச் சொன்னது, கீழே உள்ளது கிளம்பினால் மேலே உள்ளதைக் கொன்றுவிடும் என்பதற்காக. ஒட்டு மாங்கன்று வாங்கிப்போகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். வேர் என்ன என்பது தொழில் ரகசியம். அன்னத்தாய்க்கே சொல்லவில்லை. அடுத்த தோட்டத்துக் காசிராஜன் என் பாத்தியை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மோப்பம் பிடிக்கிறான். அவனும் ஒட்டு மாங்கன்று விற்கிறவன். இன்றைக்கு உன்னிடம் சொன்னால் நாளைக்கு உன் கிணற்றடி வழியாக அது அவன் காதுக்குப் போகும்.

வேரைப் பற்றிக் கவலைப்படாதே. நம் தோட்டத்து மாங்கன்று எல்லாம் எதன் மேல் நிற்கிறது? வாயில் வைக்க முடியாத புளிப்பு நாட்டு மாங்கொட்டை மேல்தான். அந்தப் புளிப்பு என்றைக்காவது பழத்துக்கு ஏறியிருக்கிறதா? வேர் மண்ணுக்கு, கொப்பு வாய்க்கு என்று அப்பா சொல்லுவார். நீயும் கேட்டிருக்கிறாய்.

எங்கள் பாத்தி முழுக்கக் காய்த்துக் குலுங்குகிறது. ஆனால் நாங்கள் ஒருவரும் இன்னும் ருசி பார்க்கவில்லை. பிப்ரவரியில் அறுப்புப் பண்டிகை. முதற்பலன் சபைக்குப் போகாமல் நம் வீட்டில் எதையும் நாக்கில் வைத்ததில்லை என்பது உனக்கே தெரியும். உனக்குக் கொடுத்தது கிறிஸ்மஸ் கொடை, அதற்கு அந்தக் கட்டு இல்லை. நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம். மாப்பிள்ளைக்குத் தக்காளியை நறுக்கிச் சீனி தூவித் தின்னப் பிடிக்குமே, கொடு.

தேவஇரக்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20 ஜனவரி 1937

அண்ணனுக்கு,

மூன்று ராத்திரியாகத் தூக்கம் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, உங்கள் செடியில் பழுத்திருந்த தக்காளிகளை உங்கள் மாப்பிள்ளையே பறித்தார். சீனி தூவிச் சாப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். எனக்கு அந்த வாடை ஆகாது, வேண்டாம் என்றேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாக்கு வறண்டுபோய்த் தண்ணீர் தண்ணீர் என்றார். கொடுத்தால் விழுங்க முடியவில்லை. பிறகு எழுந்து நின்று காற்றில் எதையோ பறிக்க ஆரம்பித்தார். பறித்துப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் கையைப் பிடித்தேன். என் முகத்தை உற்றுப் பார்த்து, "யாரு தாயி நீ, எங்க வீட்டுல என்ன செய்யுத" என்று கேட்டார். பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவள் அண்ணே நான். அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடியாது.

சுயம்புலிங்க வைத்தியர் வந்தார். விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "கண்ணுமணி விரிஞ்சு கெடக்கு, நாக்கு காஞ்சு கெடக்கு. காய்ச்சல் இல்ல தாயி இது. ஊமத்தை உள்ள போயிருக்கு. அவியளுக்கு யாரு என்ன குடுத்தா?" என்றார்.

யார் என்ன கொடுத்தார்கள் என்று நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் தின்றது ஒரே சோறு, ஒரே குழம்பு. அவர் மட்டும் தின்றது உங்கள் செடியின் பழம்.

நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். உங்கள் வீட்டில் ஒருவரும் ருசி பார்க்கவில்லை. எங்களைத் தாராளமாகச் சாப்பிடச் சொல்கிறீர்கள். அதிலும் அவருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள். அப்பாவின் அடக்கத்தன்று எல்லோருக்கும் முன்னால் நீங்கள் சொன்னது என்ன? "பங்கு கேட்ட வாய் ஒரு நாளைக்கு அடைஞ்சு கெடக்கும், பாத்துக்கிட்டே இரி." இப்போது அவர் வாய் அடைந்து கிடக்கிறது.

பழத்துக்குள் என்ன வைத்து அனுப்பினீர்கள்?

ஞானரத்தினம்


இராஜபாளையம்
22 ஜனவரி 1937

ரத்தினம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை சுகமாக வேண்டும் என்று அன்னத்தாய் முழங்காலில் நிற்கிறாள். நானும் ஜெபித்தேன். ஆனால் கோபத்தோடு ஜெபித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிஞ்சாக அனுப்பின செடியில் உன் வீட்டில் பழுத்த பழத்துக்குள் நான் இங்கே இருந்துகொண்டு என்னத்தை வைக்க முடியும்? என்னை மந்திரவாதி என்று நினைத்தாயா?

நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். மாப்பிள்ளைக்கு மார்கழி, தை வந்தால் மூச்சு இழுப்பு வரும். இழுப்புக்கு ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டிப் பிடிக்கிற பழக்கம் அவருக்கு உண்டா, இல்லையா? கல்யாணமான புதிதில் நம் தோட்டத்துக்குப் பின்னால் நின்று அவர் பிடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். உனக்குத் தெரியக் கூடாது என்று கெஞ்சினார். இத்தனை வருஷம் நான் வாய் திறக்கவில்லை. இப்போது அளவு மிஞ்சிப்போயிருக்கும். அதை மறைக்க என் செடி அகப்பட்டிருக்கிறது. பங்கு கேட்டு நடக்கவில்லை, பழி போட்டால் நடக்கும் என்று யாராவது கணக்குப் போட்டிருக்கலாம். உன்னைச் சொல்லவில்லை. உனக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுக்கிறவர்களைச் சொல்கிறேன்.

அவருடைய பெட்டியைத் திறந்து பார்.

தேவஇரக்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2 பிப்ரவரி 1937

அண்ணனுக்கு,

பெட்டியைத் திறந்து பார்த்தேன். சுருட்டு இருந்தது. நீங்கள் சொன்னது பொய்யில்லை. அவரைக் கேட்டேன். இப்போது தெளிந்துவிட்டார், மெலிந்துபோயிருக்கிறார், புத்தகம் படித்தால் எழுத்து கலங்குகிறது என்கிறார். "பிடிக்கிறது உண்டு. அந்த ஞாயித்துக்கெழம பிடிக்கல. இழுப்பே இல்லையே" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார். என்னிடம் மறைத்ததற்காக அவரோடு ஒரு நாள் பேசவில்லை. அது எங்கள் வீட்டுச் சங்கதி.

இனி உங்கள் சங்கதி. முடிச்சுக்குக் கீழே வந்த துளிரை நான் கிள்ளவில்லை. காரணம் சொல்லாமல் கிள்ளச் சொன்னதால் முதலில் விட்டேன். நீங்கள் காரணம் எழுதின பிறகு, அப்படியென்ன அவசரம் என்று விட்டேன். அது முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. இலையைக் கசக்கினால் குமட்டுகிற நாற்றம். நேற்றுச் சாயங்காலம் பூத்தது. வெள்ளையாக, நீளமாக, எக்காளம் மாதிரி. மாரியாத்தாள் பார்த்துவிட்டு, "இது ஊமத்தையில்லா, எங்க சிவன் கோவிலுக்குக் கெட்டுத பூவுல்லா" என்றாள்.

அண்ணே, ஊமத்தையின் மேல் கட்டினீர்கள். தெரிந்தே கட்டினீர்கள். அதனால்தான் கேட்டபோதெல்லாம் ரகசியம் என்றீர்கள். அதனால்தான் பூக்க விடாமல் கிள்ளச் சொன்னீர்கள்.

அவர் போலீசுக்குப் பிராது எழுதி வைத்திருக்கிறார். கூட இருந்து பார்த்தவள் என்று நானும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை காலைவரை தவணை கேட்டிருக்கிறேன். செடியை ஒரு கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் என் அண்ணன் என்பதால்தான் இந்தத் தவணை. அதற்குள் எனக்கு நம்புகிற மாதிரி ஒரு பதில் வேண்டும்.

ஞானரத்தினம்


இராஜபாளையம்
4 பிப்ரவரி 1937

ரத்தினம்,

ஆமாம், ஊமத்தைதான். காசிராஜனுக்குத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது.

கத்தரியும் தக்காளியும் அவற்றின் சொந்த வேரில் நின்றால் நம் மண்ணில் வாடல் நோய் வந்து பாதியிலேயே செத்துப்போகின்றன. முதலில் சுண்டையின் மேல் கட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் பிடித்தது, ஆனால் சுண்டை விதை முளைக்கவே ஒரு யுகம் ஆகிறது. ஊமத்தை ரோட்டோரத்தில் தண்ணீர் இல்லாமல் கொழுத்து நிற்கிறது. தானாகவே இரண்டு கவை விடுகிறது. ஒன்றில் இதைக் கட்டு, ஒன்றில் அதைக் கட்டு என்று கேட்கிற மாதிரி இருந்தது. ஜாதியும் ஒரே ஜாதி. அதனால் கட்டினேன். இருபது வருஷத்தில் ஆயிரக்கணக்கில் மாங்கன்று கட்டினவன் நான். வேரின் குணம் முடிச்சைத் தாண்டி மேலே ஏறாது. இது எனக்கு என் கைவிரல் மாதிரி தெரிந்த விஷயம். உன் வைத்தியருக்குத் தெரியாது, கோர்ட்டுக்கும் தெரியாது.

நம்புகிற மாதிரி பதில் கேட்டாய். இதோ கேள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அறுப்புப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் அசனம். சபை முழுக்க உட்கார்ந்து சாப்பிடும். பாத்தியில் இருக்கிற அவ்வளவு கத்தரிக்காயும் தக்காளியும் அசனக் கூட்டுக்கு என்று சபை உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். கூடைகளை நாளைக்கே அனுப்புகிறேன். முதல் பந்தியில் நானும், அன்னத்தாயும், என் பிள்ளைகள் மூன்று பேரும் உட்காருவோம். எங்களுக்கு என்ன ஆகிறது என்று ஊர் பார்க்கட்டும். அதற்குப் பிறகு நீ எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடு.

தேவஇரக்கம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5 பிப்ரவரி 1937, வெள்ளி

அண்ணே,

இதைத் தபாலில் போடாமல் பஸ் கண்டக்டர் பால்சாமி கையில் கொடுத்து அனுப்புகிறேன். வாங்கினவுடன் படியுங்கள், கோபத்தைப் பிறகு படுங்கள்.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போது நம்புகிறேன். விஷம் என்று தெரிந்தவன் பெற்ற பிள்ளைகளை முதல் பந்தியில் உட்கார வைக்க மாட்டான். என் சந்தேகத்தைத் தீர்த்தது அந்த ஒரு வரிதான். இப்போது பயமாக இருப்பதும் அதே வரியால்தான். நீங்கள் சத்தியமாகத் தெரியாமல் இருக்கிறீர்கள் அண்ணே. காற்றில் பறித்த அந்தக் கைகளை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மாமரத்துக்கு ஒரு நியாயம் என்றால் இதற்கும் அதே நியாயம் என்று யார் சொன்னது? உங்கள் மாங்கொட்டை புளிக்கத்தான் செய்யும், ஆளை மயக்காது. கூடைகளைத் திருப்பி எடுங்கள். எல்லாவற்றையும் பறித்துப் புதைத்துவிடுங்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்றும் தெரியும். நிரூபித்தே ஆக வேண்டும் என்றால் அசனத்துக்கு முன்னால் நீங்கள் மட்டும் தின்று பாருங்கள். முதற்பலன் என்று பார்க்காதீர்கள், கர்த்தர் கோபிக்க மாட்டார். மதினியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மேல் இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது. அது வேறு.

ரத்தினம்


இராஜபாளையம்
16 பிப்ரவரி 1937

ரத்தினத்துக்கு,

இன்றைக்குத்தான் எழுத்து கண்ணுக்குப் பிடிபடுகிறது. அதுவும் தாளைத் தூரத்தில் பிடித்தால்தான்.

பால்சாமி கொண்டுவந்த உன் கடிதத்தைப் படித்து, என்னை நம்புகிறாய் என்ற இடத்தில் அழுதேன். புதைத்துவிடுங்கள் என்ற இடத்தில் கோபம் வந்தது. இரண்டுக்கும் நடுவில், சரி, நான் மட்டும் தின்று பார்க்கிறேன் என்று முடிவு பண்ணினேன். தின்று எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் உன்னை எப்படியெல்லாம் கேலி பண்ணி எழுதுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை உபதேசியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கத்தரிக்காயைச் சுட்டுத் தின்றேன். தக்காளியை மாப்பிள்ளை மாதிரியே சீனி தூவித் தின்றேன். நல்ல ருசி. அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. அன்னத்தாய் சொன்னதைத்தான் எழுதுகிறேன். வாழைநாரை எடுத்துக்கொண்டு வந்து அவள் கூந்தலைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினேனாம். "அசையாத, ஒட்டு பிடிக்கட்டும்" என்று அதட்டினேனாம். பிறகு அவளையே யார் என்று கேட்டேனாம். அவள் முகத்தைப் பார்க்க இன்னும் கூச்சமாக இருக்கிறது. கருத்தையாதான் என்னைப் பிடித்துக் கட்டிலில் கட்டிப் போட்டுவிட்டு, சபைக் கோயில் சமையல் கொட்டகைக்கு ஓடிப்போய்க் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். உபதேசியார் தடுத்தாராம், முதற்பலனைத் திருப்பி எடுக்கக் கூடாது என்று. "ஐயா, அங்க வந்து எங்க மொதலாளியப் பாருங்க, பொறவு பேசுங்க" என்றானாம். அசனத்துக்குப் பூசணிக்காய்க் கூட்டு வைத்தார்கள்.

சபையில் இருநூறு பேர். என் பிள்ளைகள். நீ துளிரைக் கிள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே முடியவில்லை. நான் சொன்னதைக் கேட்காத தங்கச்சியைக் கர்த்தர் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

என் தொழில் தெரியும் என்று நினைத்தேன் ரத்தினம். மாமரத்தில் தெரிந்தது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். சுருட்டு விஷயத்தை உன்னிடம் சொன்னதற்கும் சேர்த்து. தோட்டப் பங்கு பற்றி இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். எழுதினால் பிராதுக்குப் பயந்து இறங்கிவந்தான் என்று அவர் சொல்லுவார். நேரில் பேசுவோம்.

ஊமத்தை மேல் கட்டினதை எல்லாம் பிடுங்கி எரித்துவிட்டேன். ஆனால் ஊர் வாய் எரியவில்லை. "இவன் மாங்கன்னுக்கு அடியிலயும் என்ன வேர் இருக்கோ" என்று காசிராஜன் பஸ் ஸ்டாண்டில் நின்று சொல்கிறானாம். வத்திராயிருப்பிலிருந்து கன்று கேட்டிருந்தவர்கள் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். என் கையை நம்பித்தான் என் பிழைப்பு. அது போய்விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது.

முதலில் சுண்டை மேல் கட்டினேன் என்றேனே, அதில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதிலும் கத்தரியும் தக்காளியும் காய்த்திருக்கிறது. சுண்டை நாம் வற்றல் போட்டுத் தின்கிற காய்தான், அதில் பயமில்லை. நான் தின்றேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் தின்றதை யார் நம்புகிறார்கள்? நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஆராதனை முடிந்து ஜனங்கள் நிற்கும்போது அதில் ஒரு காயைச் சாப்பிட்டால், தங்கச்சியே தின்கிறாள் என்று வாய் அடங்கும். கேட்க எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21 பிப்ரவரி 1937

அண்ணே,

நீங்கள் பிழைத்ததற்குத் தோத்திரம். மதினி கூந்தலைக் கட்டிப் போட்ட கதையைப் படித்து உங்கள் மாப்பிள்ளை சிரித்தார். அன்றைக்குப் பிறகு அவர் சிரித்தது இதுதான் முதல் தடவை. பிராதை அவர் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை, மடித்துப் பெட்டியில் சுருட்டு இருந்த இடத்தில் வைத்திருக்கிறார். நானும் கிழிக்கச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆனால் இப்போது இல்லை. அந்தச் சுண்டைச் செடியில் இனிமேல் முடிச்சுக்குக் கீழே வருகிற துளிரைக் கிள்ளாதீர்கள். மேலே உள்ளது கொஞ்சம் சோர்ந்தாலும் பரவாயில்லை. அதை வளர விடுங்கள், பூக்க விடுங்கள், காய்க்கவும் விடுங்கள். சுண்டைப் பூ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சுண்டைக்காய்க் கொத்தும் தெரியும். கூட்டத்துக்கு முன்னால் முதலில் அதைக் கையால் தொட்டுப் பார்ப்பேன். உங்களை நம்பாமல் இல்லை. உங்களை நம்பித்தான் வருகிறேன். ஆனால் வேரை அதன் பூவைப் பார்த்துத்தான் நம்புவேன்.

பூத்ததும் எழுதுங்கள். அன்றைக்குக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன்.

ரத்தினம்